அலுமினியத் தட்டுகள்

ஆய்வுக்கு வருவது சாராள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து தாளாளர் பூவராகவனுக்குச் சோறு இறங்கவில்லை. காக்களூரில் போல்ட்டு நட்டு செய்து சேர்த்ததையெல்லாம் கொட்டி அவர் நடத்தும் பெண்கள் கல்லூரியில் பி.யூ.சி.யோடு படிப்பு முடிந்துவிடுகிறது. பட்ட வகுப்புக்கு இந்த வருஷம் அனுமதி கிடைத்தாக வேண்டும். பல்கலைக்கழகம் அனுப்பும் குழுவுக்கு அவள்தான் தலைவி.

ஏழு வருஷத்துக்கு முன் இதே கல்லூரியில் அவள் முதல்வராக இருந்தாள். அப்போது விடுதியில் பணம் கட்டும் பெண்களுக்கு எவர்சில்வர் தட்டு. சலுகையில் படிக்கும் காலனிப் பெண்களுக்கும் பழவேற்காட்டு மீனவப் பெண்களுக்கும் அலுமினியம். அவள் எல்லாத் தட்டுகளையும் கலந்து ஒரே அடுக்காக்கினாள். பெற்றோர் நாலு பேர் வந்து கத்தியதும் பூவராகவன் அவளை வெளியே அனுப்பினார்; தட்டுகள் பழையபடி பிரிந்தன. அதற்கு முன்னும் இரண்டு இடங்களில் இதே சண்டை போட்டு வேலையை இழந்தவளாம். அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு, எல்லாக் கல்லூரிகளையும் கேள்வி கேட்கிற நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

ஆய்வுக்கு முந்தின நாளே பூவராகவன் அலுமினியத் தட்டுகளை ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினார். புது எவர்சில்வர் தட்டுகள் வந்திறங்கின. எல்லாரையும் கலந்து உட்காரவைக்கும்படி சமையற்காரி கனகாம்பாளிடம் சொன்னார்.

"பணம் கட்ற பொண்ணுங்க மூஞ்சைச் சுளிக்கும் சார்."

"ஒரு வேளைதானே. சுளிக்காம துன்னச் சொல்லு."

சாராள் குழுவோடு வந்தாள். ஆய்வுக்கூடம், நூலகம் எல்லாம் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மதியம் பெண்களோடு பந்தியில் உட்கார்ந்தாள். பூவராகவன் அருகில் நின்று, அவள் வைத்துப்போன வழக்கம்தான் இன்றைக்கும் நடக்கிறது என்று கூசாமல் சொன்னார்.

சாப்பாடு முடிந்தது. பணம் கட்டும் பெண்கள் தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவப் போனார்கள். பழவேற்காட்டு ரத்னாவும் மற்ற சலுகைப் பெண்களும் மட்டும் தங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்கு நடந்தார்கள். சாம்பல் போட்டுத் தேய்க்கும் சத்தம் பந்திவரை கேட்டது. அதைச் செய்யாதீங்க என்று சொல்லிவைக்கப் பூவராகவனுக்குத் தோன்றவேயில்லை.

சாராள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அதுங்களா பழகிக்கினு செய்யுதுங்க. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார் பூவராகவன்.

"பழக்குனது யாரு?"

"ஏழு வருசமா இதுக்குத்தானே காத்துக்கினு இருந்தே?"

"ஆமாம்," என்றாள் சாராள். "இந்த வருஷம் அனுமதி கிடையாது."

கார் திருவள்ளூர் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டோர் ரூம் சாவியைக் கனகாம்பாள் முன்னால் எறிந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பழைய தட்டுகளே வர வேண்டும் என்றார்.

அவள் அலுமினியத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். ரத்னா, கழுவின எவர்சில்வர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"கொடுடி."

"மாட்டேன்," என்றாள் ரத்னா. "சோறு போடாட்டி போங்க."