காலித் தொட்டிக்குத் தீனி

ஜூலியானாவின் வீட்டுக் கூடத்தில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் இருந்தது, விளக்கு எரிந்தது, ஃபில்டர் ஓயாமல் ஓடியது, ஹீட்டர் தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்திருந்தது. மீன்தான் இல்லை. அவள் கணவர் லாரன்ஸ் இறந்து, அவர் வளர்த்த கடைசி மீனும் செத்து ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்தக் காலித் தொட்டிக்குத்தான் அவள் தினமும் காலையில் தீனி போட்டு வந்தாள்.

கிறுக்குத்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்து செய்கிற கிறுக்குத்தனத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. முக்கியமாக மகள் ஷெரிலிடம் மூச்சு விடவில்லை. ஷெரிலுக்குக் கடல் பாலத்துக்கு அக்கரையில் செபராங் ஜெயாவில் சொந்த வீடு, கீழ்த்தளத்தில் சும்மா கிடக்கும் ஓர் அறை, அந்த அறையில் அம்மாவைக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்ற பிடிவாதம். அப்பா போன நாளிலிருந்து அதே பாட்டு. முட்டி வலி, மழைக்கு ஒழுகும் கூரை, பக்கத்து வீட்டில் திருட்டு என்று வாரம் ஒரு காரணம் கண்டுபிடிப்பாள். ஜூலியானா இதுவரை எதற்கும் பிடி கொடுக்கவில்லை. ஆனால் அம்மா வெறுந்தண்ணீருக்குச் சாப்பாடு போடுகிறாள் என்று தெரிந்தால் அப்புறம் பேச்சே கிடையாது. மறுநாளே வாசலில் லோரி வந்து நிற்கும்.

இந்தப் பேராக் ரோட்டு வீட்டை விட்டு அவள் போக மாட்டாள். கல்யாணமாகி வந்து இறங்கிய வீடு. லாரன்ஸ் சட்டையைக் கழற்றி மாட்டும் ஆணி இன்னும் சுவரில் இருக்கிறது.

அப்படியிருக்க, புதன்கிழமை ஷெரில் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருகிறேன், தொட்டியைக் காலி பண்ணிக் கழுவ வேண்டும் என்றாள். அவளோடு வேலை செய்யும் அஃபிக் என்பவருக்கு ஜொகூருக்கு மாற்றல் வந்துவிட்டதாம். புக்கிட் மெர்தாஜாமில் அவர் வளர்க்கும் ஆக்ஸோலோட்டல் என்ற நீர்ப்பிராணியை யாரிடமாவது விட்டுப் போகவேண்டுமாம். அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஷெரில் ஏற்றுக்கொண்டாளாம். அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்குமே இருந்ததில்லை, லாரன்ஸ் உட்பட.

ஷெரில் அனுப்பிய படத்தை ஜூலியானா பெரிதாக்கிப் பார்த்தாள். இளஞ்சிவப்பு உடம்பு, நாலு கால், கழுத்தின் இரண்டு பக்கமும் சிலிர்த்து நிற்கும் இறகு மாதிரி ஏதோ, அசட்டுச் சிரிப்புச் சிரிக்கும் வாய்.

“சிச்சாக்கைத் தண்ணியில போட்டு வளர்க்கச் சொல்றியா?” என்று கேட்டாள். அது பல்லி இல்லை, மெக்சிகோ தேசத்து ஜந்து, பாவம், சாது என்று மகள் விளக்கினாள். தொட்டியை ஏன் கழுவ வேண்டும், தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஜூலியானா மெல்ல இழுத்துப் பார்த்தாள். மீனில்லாமல் கிடந்த தண்ணீர் செத்த தண்ணீர், அதில் விட்டால் இது பிழைக்காது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகத்தான் தயார் செய்ய வேண்டும் என்று ஷெரில் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

செத்த தண்ணீர் என்ற வார்த்தை ஜூலியானாவைச் சுட்டது. போனை வைத்துவிட்டுத் தொட்டியின் முன் போய் உட்கார்ந்தாள்.

அந்தத் தண்ணீருக்காக அவர்கள் போட்ட சண்டை கொஞ்சமா நஞ்சமா! லாரன்ஸ் அக்கரையில் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. தினமும் ஃபெரியில் போய் ஃபெரியில் வருவார். கல்யாணமான புதிதில் ஒருநாள் மத்தியானம், சாயங்காலம் மீன் கொண்டு வருகிறேன் என்று பக்கத்துக் கடைக்குப் போன் செய்து சொல்லியனுப்பினார். புதுப்பெண்டாட்டி புளி கரைத்து, மசாலா அரைத்து, சட்டியை அடுப்பில் ஏற்றிக் காத்திருந்தாள். மனிதர் சட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் பையை அணைத்துக்கொண்டு வந்து நின்றார். ஃபெரியின் காற்றில் தண்ணீர் குளிர்ந்துவிடக் கூடாதாம். பைக்குள் தட்டு மாதிரி வட்டமாக நாலு டிஸ்கஸ் மீன்கள் மிரள மிரள விழித்தன. அன்றைக்கு அந்தக் குழம்பில் கத்தரிக்காயைப் போட்டு இருவரும் சாப்பிட்டார்கள். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டாள், அவர் மீனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

அதன்பிறகு வீடு மீன்களின் வீடாகிவிட்டது. பைப் தண்ணீரின் மருந்து வாடை போக வேண்டும் என்று பின்கட்டில் பெரிய தொங் பீப்பாய் ஒன்றில் தண்ணீர் பிடித்து வைப்பார். அவசரத்துக்கு அதிலிருந்து ஒரு வாளி மொண்டு துணி அலசிவிட்டால் அன்று முழுக்க வீட்டில் ஊமைப் படம். எல்லாவற்றையும்விடக் கொடுமை அந்தத் தீனி. சௌராஸ்தா மார்க்கெட்டில் முஸ்தஃபா கடையில் மாட்டு இருதயம் வாங்கி வந்து, கொழுப்பு நீக்கி, இறாலும் பூண்டும் சேர்த்து, அவள் சட்னி அரைக்கும் மிக்ஸியிலேயே அரைப்பார். அதை ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கி வைப்பார். ஷெரிலின் புதுநன்மை விருந்தில் பங்குச் சாமியாரின் ரோஸ் சிரப்பில் அந்தக் கட்டி ஒன்று விழ இருந்ததை ஜூலியானாதான் கடைசி நொடியில் தடுத்தாள். சாமியாருக்குக் கடைசிவரை தெரியாது. அன்று இரவு அவளும் லாரன்ஸும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கிறது. யாரோடு சேர்ந்து சிரிப்பது என்பதுதான் இப்போதைய கேள்வி.

அவர் இறந்த வருடம் கல்லறைத் திருநாளன்று, கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, அவருக்குப் பிடித்த பன்றிக்கறியும் ஒரு கிளாஸ் பீரும் படத்துக்கு முன்னால் படைத்தாள். அந்த வீட்டில் செத்தவர்களுக்கு அப்படிச் செய்வது வழக்கம். திரும்பியபோது காலித் தொட்டி கண்ணில் பட்டது. கடைசி மீன் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மனுஷனுக்கு மட்டும் வைத்துவிட்டு மீன்களுக்கு வைக்காவிட்டால் அவர் கையைக்கூட நனைக்க மாட்டார் என்று தோன்றியது. அவர் செய்து வைத்திருந்த கட்டியிலிருந்து கொஞ்சம் கிள்ளித் தண்ணீரில் போட்டாள். மறுநாளும் கை தானாகப் போனது. அவர் செய்து வைத்தது தீர்ந்தபோது, எந்த மிக்ஸிக்காகச் சண்டை போட்டாளோ அதே மிக்ஸியில் அவளே அரைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷெரில் வாளி, குழாய், ஸ்பாஞ்ச், இரண்டாம் கையாக வாங்கிய தண்ணீர் குளிர்விக்கும் பெட்டி, தண்ணீரைச் சோதிக்கும் மருந்துப் பாட்டில்கள் எல்லாவற்றோடும் வந்து இறங்கினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போருக்குப் போகிற மாதிரி அவள் குழாயைக் கையில் எடுத்தபோது, ஜூலியானா முதலில் தேத்தண்ணீர் குடி என்றாள், பசியாறு என்றாள், பூசையில் இன்று என்ன பிரசங்கம் என்று கேட்டாள். தள்ளிப்போட இன்னும் என்ன இருக்கிறது என்று கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

தேத்தண்ணீர் ஆறுவதற்குள், சோதிக்கும் மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கலாமே என்று ஷெரில் ஒரு சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்தாள். சொட்டு விட்டாள், குலுக்கினாள், வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். இன்னொரு குப்பி எடுத்தாள்.

“தண்ணி மாத்துறீங்களா அம்மா?”

“வாராவாரம் மாத்துறேனே. அப்பா மாத்துற மாதிரி பாதி.”

“அப்படின்னா மீனில்லாத தண்ணியில இந்தக் கலர் வரக் கூடாதேலா.”

ஷெரில் சொல்லத் தொடங்கினாள், ஜூலியானாவுக்கு என்பதைவிடத் தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி. மீன் தின்னாமல் விட்டதும் கழித்ததும் தண்ணீரில் நஞ்சாகும். அந்த நஞ்சைத் தின்று வாழும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் ஃபில்டரில் இருக்கும். அவை இருந்தால்தான் எந்த உயிரும் அந்தத் தண்ணீரில் தங்கும். மீன் இல்லாவிட்டால் அவை பட்டினி கிடந்து செத்துவிடும், திரும்ப உண்டாக்க வாரக்கணக்காகும். இந்தத் தொட்டியில் அவை சாகவில்லை. எங்கிருந்தோ நஞ்சு வருகிறது, இவை தின்று தீர்த்துக்கொண்டிருக்கின்றன.

“இதுல ஏதோ இருக்கு அம்மா. எலி, கரப்பான் ஏதாச்சும் செத்து விழுந்துச்சா?”

எலி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அவர் தொட்டியில் எலி செத்தது என்று சொல்ல ஜூலியானாவுக்கு நாக்கு எழவில்லை. “ஒண்ணும் விழல” என்றாள். பதில் வந்த வேகத்தில் ஷெரில் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு, வெயிலுக்கு ஐஸ் போட்டுக் குடிக்கலாம் என்று எழுந்து போய் ஐஸ்பெட்டியின் மேல்கதவைத் திறந்தாள். தடுக்க ஜூலியானாவின் முட்டி ஒத்துழைக்கவில்லை.

ஷெரில் வெகு நேரம் கதவைத் திறந்தபடியே நின்றாள். பிறகு ஐஸ் தட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். பழுப்பும் சிவப்புமாகக் கட்டிகள். ஒரு குழியில் மட்டும் அன்று காலையில் கிள்ளிய தடம்.

இனி அவ்வளவுதான் என்று ஜூலியானாவுக்குத் தோன்றியது. லோரி, செபராங் ஜெயா, கீழ்த்தளத்து அறை, வேளாவேளைக்குச் சாப்பாடு, கூடவே பேரன்களிடம் ‘பாட்டியைப் பார்த்துக்கோங்க’ என்ற கிசுகிசுப்பு.

“எனக்குப் புத்தி ஒண்ணும் கெட்டுப் போகல” என்றாள். “மீன் இல்லன்னு எனக்குத் தெரியும். அவரு இல்லன்னும் தெரியும். காலையில எந்திரிச்சா எனக்குச் செய்ய ஒரு வேலை வேணும், அவ்வளவுதான். இதுக்காக என்னைத் தூக்கிட்டுப் போயிடாத.”

ஷெரில் தட்டைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. அந்த வாடை சின்ன வயசில் பள்ளிக்குப் போகிற ஒவ்வொரு காலையிலும் அப்பாவின் கையில் இருந்த வாடை. அந்தக் கையாலேயே தலை சீவி விட வருவார் என்று அவள் அப்போது ஓடுவாள்.

“பூண்டு போட்டீங்களா?”

“போடாமலா? போடலன்னா அவரு ஏசுவாரு.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஒரு இடத்தில் அழுகையாக மாறியதும், அவரவர் முகத்தை அவரவர் துடைத்துக்கொண்டார்கள். பிறகு ஷெரில் வாளியையும் குழாயையும் எடுத்துப் போய்ப் பின்கட்டில் போட்டாள். வாரக்கணக்கில் செய்ய வேண்டிய வேலையை அம்மா செய்து முடித்து வைத்திருக்கிறாள், இந்தத் தண்ணீரை இனி யாரும் கொட்ட முடியாது என்றாள்.

“இதைத் தூக்கிட்டுப் பாலம் தாண்டவும் முடியாதுமா. நாலடித் தொட்டி. நீங்கதான் இங்க இருந்து பார்த்துக்கணும்.”

அறையைப் பற்றிய பேச்சு அன்றோடு முடிந்துபோனது. ஜூலியானாவுக்குக் காலில் பலம் வந்த மாதிரி இருந்தது. ஆனால் ஒரு சங்கடம் மிச்சம் இருந்தது. வரப்போகும் ஜந்துவுக்குச் சூடு ஆகாது. குளிர்ந்த தண்ணீர்தான் வேண்டும். ஹீட்டரை எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு ஷெரில் தயங்கி நின்றாள்.

மழைநாட்களில் ஜூலியானா அந்தக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். அதையும் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் ஒரு தடவை வைத்தாள். அவர் உடம்புச் சூடு இல்லை அது, மின்சாரச் சூடு. எல்லாம் தெரிந்துதான் இருந்தது. சுவர்ப்பக்கம் குனிந்து பிளக்கை அவளே பிடுங்கினாள்.

அடுத்த வாரம் அஃபிக் ஒரு வாளியில் அதைக் கொண்டுவந்து விட்டார். தண்ணீர் சில்லென்று இருந்தது. முதல் நாள் முழுக்க அது குளிர்விக்கும் பெட்டியின் குழாய்க்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தது. இரண்டாம் நாள் காலையில், அஃபிக் விட்டுப்போன மண்புழு டப்பாவைத் திறக்க அருவருப்பாக இருந்ததால், ஜூலியானா பழைய கட்டியிலிருந்தே ஒரு துண்டு கிள்ளிப் போட்டாள். அது வேண்டாம் என்று முகத்தைத் திருப்பியதா, பார்க்கவே இல்லையா, தெரியவில்லை. அவள் அதற்குமேல் காத்திருக்காமல் பூசைக்குப் போய்விட்டாள்.

இத்தனை நாளும் அவள் காலையில் போட்டதை மத்தியானம் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்து, பின்கட்டு ரோஜாச் செடிக்கு ஊற்றிவிடுவாள். தின்ன ஆளில்லாத சாப்பாடு நாறிப்போகுமே. அன்றும் திரும்பி வந்ததும் குழாயோடு தொட்டியின் முன் குனிந்தாள். அடியில் அங்கும் இங்கும் அந்தத் துண்டைத் தேடினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழாய்க்குப் பின்னால், ஃபில்டர் ஓரம், மூலைகளில் எல்லாம் தேடினாள்.

எங்கும் இல்லை. தொட்டியின் நடுவில் அந்த ஜந்து நாலு காலையும் பரப்பி நின்று, அடுத்த வேளை எப்போது என்பதுபோல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜூலியானா குழாயைக் கீழே போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அடக்கவில்லை.

“என்னங்க, சாப்பிட்டிருச்சு” என்றாள்.