கூண்டடியில் கிடந்த கறுப்புப் பறவை

விடிந்ததும் பார்த்தால், சேவல் கூண்டுக்குக் கீழே ஒரு கறுப்புப் பறவை. வளைந்த அலகு. காயமும் இல்லை, பறக்கவும் இல்லை. ஜிஸ்லேன் அதைத் தொடாமல் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றித் தையல் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டான். ஏவல் அண்டாமலிருக்க ரெயூனியன் தீவில் எல்லாரும் செய்வதுதான்.

ஏவியது யாரென்று யோசிக்கவே வேண்டாம். பக்கத்து வீட்டு மதாம் தெஷேர். வேலியைத் தாண்டி எவனோ வந்த தடம் கண்டு, போன வாரம்தான் ஜிஸ்லேன் கூண்டுக்கு மேல் பெரிய விளக்கு போட்டிருந்தான். அன்று முதல் 'அணை, அணை' என்று நச்சரிக்கிறாள். விளக்கு போனால் சண்டைச் சேவலும் போய்விடும். கரும்பு வெட்டி ஓய்ந்த உடம்புக்கு அது ஒன்றுதான் பெருமை.

பறவையைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு அவள் கதவைத் தட்டினான்.

"மதாம், உங்க சாமானை நீங்களே வச்சுக்கோங்க."

கதவு திறந்தது. அவள் கவுனிலும் தையல் வெளியே தெரிந்தது.

ஒருவர் தையலை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள்.

"அடப்பாவி! என் முற்றத்துல ரெண்டு கெடந்துச்சு. நீதான் வீசுனேன்னு நெனச்சேன்!"

"நானா? எனக்கு வேற வேலையில்ல?"

"இப்பத்தான் பறவைகளக் காப்பாத்துறவங்களுக்குப் போன் போட்டேன். மலைப் பொந்துலேருந்து மொதமொதல்ல கடலுக்குப் போற கடல்பறவைக் குஞ்சுங்களாம். ஒன் வெளக்குல மயங்கி விழுதுங்க. தரையிலேருந்து எழும்ப முடியாதாம். இந்த ஏப்ரல் முழுக்க வெளக்கை அணைக்கணுமாம். பெறகு போட்டாலும் தகரம் மாட்டி, வெளிச்சம் கீழ மட்டும் விழுற மாதிரி வைக்கணுமாம்."

ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இரண்டு குஞ்சுகள் ஒடுங்கியிருந்தன. தாங்கள் வந்து எடுத்துப்போகும்வரை தண்ணீர்கூட வைக்கக்கூடாதென்று சொல்லியிருந்தார்களாம். மூன்றாவதை அவனே உள்ளே விட்டான். சந்தேகம் மட்டும் விடவில்லை.

"அணைச்சதும் சேவலைத் தூக்க ஆள் வச்சிருக்கீங்களோ?"

"ஆமா. அந்தக் கெழட்டுச் சேவலு வேகுறதுக்கு வெறகுக்கு நான் எங்க போவேன்?"

பொழுது சாய்ந்தது. ஜிஸ்லேன் விளக்கை அணைத்தான். சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து கட்டில் காலில் கட்டினான்.

"அணைச்சாச்சா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து குரல்.

"ஆச்சு. சேவல் எங்கேன்னு மட்டும் கேக்காதீங்க!"

அவன் சொல்லி முடிக்கவில்லை, கட்டிலடியிலிருந்து சேவல் கூவியது.