ஓரம் தேய்த்த கண்ணாடி

பழைய பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்றதும் எங்கள் தெருவே கைதட்டியது. நானும்தான் தட்டினேன், அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அறுபத்தெட்டு வருஷத்துப் பாலம். ஒரு லாரி ஏறினால் என் கடை அலமாரியில் இருக்கிற கண்ணாடியெல்லாம் கிடுகிடுவென்று ஆடும். என்றைக்கு விழுமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அதன்மேல் போய்வந்தோம். புதிது வருகிறதென்றால் யாருக்குக் கசக்கும்?

பாலத்தை மூடிய பிறகுதான் கசந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள். ஆஸ்பத்திரி, சந்தை, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பக்கம். ஐந்து நிமிஷத்தில் போன இடத்துக்கு இப்போது ஊரைச் சுற்றிக்கொண்டு ஐம்பத்தைந்து நிமிஷம்.

எனக்குக் கண்ணாடி வெட்டுகிற தொழில். முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் ஆறு. நான் வெட்டுவேன், என் மனைவி ஓரம் தேய்ப்பாள். இருபத்தொன்பது வருஷமாக இதுதான் எங்கள் குடித்தனம். வெட்டின கண்ணாடியின் ஓரம் கையைக் கிழித்துவிடும். கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்து மழுங்கடித்தால்தான் ஆள் தொடலாம். அவள் தேய்க்காமல் எங்கள் கடைப்படியை ஒரு கண்ணாடியும் தாண்டியதில்லை. ஜன்னலுக்கு நாலு பக்கமும் மக்குப் பசை பூசி ஓரத்தை மறைக்கப்போகிறவன் வந்து, "பரவாயில்லம்மா, அப்படியே குடுங்க" என்றாலும் கேட்கமாட்டாள்.

பாலத்தை மூடி இரண்டாவது மாதம், வெளியூரிலிருந்து மகள் வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவளுக்கு மூன்றாம் நாள் மத்தியானம் உதிரம் பட்டுவிட்டது. ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு போன அந்த ஐம்பத்தைந்து நிமிஷமும் என் மனைவி, "இன்னும் எவ்வளவு தூரம் தம்பி, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று ஓட்டுநரைக் கேட்டுக்கொண்டே வந்தாள். எப்படியோ பிள்ளை தங்கியது. டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஊருக்கெல்லாம் அனுப்பாதீங்க. படுத்தே இருக்கணும். மாசக்கணக்கா இங்க வச்சுக்கப் படுக்கை இல்ல. ஆனா மறுபடி இந்த மாதிரி ஆச்சுன்னா அரைமணி நேரத்துல கொண்டு வந்துடணும். அதுக்கு மேல போனா ரெண்டு உயிருக்கும் நான் பொறுப்பில்ல."

அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துக்கொள்ள எங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. அரைமணி நேரத்தில் எப்படிக் கொண்டுபோவது? பறந்தா?

பின்னறையில் அவளுக்குக் கட்டில் போட்டோம். அங்கேதான் காற்று வரும். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கடிகாரம் பாலத்தில்தான் ஓடியது. ஆற்றில் மொத்தம் அறுபத்து நாலு தூண் இறக்கவேண்டும். அறுபத்து நாலாவது தூண் இறங்கியதும், மேலே இரும்புப் பாதை போட்டு நடக்கிறவர்களையும் ஆம்புலன்ஸையும் விட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். எதிர்க்கடை சலூன்காரன் தன் கண்ணாடியின் மூலையில் தினமும் சோப்பு நுரையால் கணக்கு எழுதிவைப்பான். பன்னிரண்டு. பதின்மூன்று. முடிவெட்ட வராதவனும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். தெருவில் எவனும் 'சௌக்கியமா' என்று கேட்பதில்லை. "எத்தனையாச்சு?" அவ்வளவுதான்.

தூண் என்றால் சும்மா இறங்குமா? பெரிய இரும்புச் சம்மட்டி ஒன்றைக் கிரேனால் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். விழுகிற ஒவ்வொரு அடியும் உள்ளங்காலில் ஏறும். பழைய வீடுகள், சுவரெல்லாம் விரிசல். அதற்காகப் பாலத்து ஆபீசிலிருந்து ஓர் அளவுக்காரரை அனுப்பினார்கள். மெலிந்த மனுஷர், கையில் டார்ச், காதில் பென்சில். வீட்டுக்கு வீடு விரிசலின் குறுக்கே விரல் நீளத்துக்கு மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைப் பசை போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதினார்.

"சுவர் நகர்ந்தா கண்ணாடி உடையும். உடைஞ்சா உடனே சொல்லணும். வேலையை நிறுத்திட்டு, ஏன் உடைஞ்சுதுன்னு பார்த்துட்டுத்தான் மறுபடி ஆரம்பிப்போம்" என்றார். வெள்ளிக்கிழமைதோறும் வந்து தடவிப் பார்த்து நோட்டில் டிக் போடுவார்.

முதலில் உடைந்தது மாடி வீட்டு டீச்சருடையது. சுவர் நகரவில்லை, பேரன் எறிந்த பந்து. பாவம், உள்ளதைச் சொன்னார். ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்று பத்தொன்பது நாள் வேலையை நிறுத்திவிட்டார்கள். இருபத்தொன்றிலேயே நின்றது சலூன் கணக்கு. தெருவே டீச்சரைக் கரித்துக் கொட்டியது. நான் மட்டும் என்ன உத்தமனா? படியேறிப் போய், "வீட்டுக்குள்ள என்ன மைதானமா நடத்துறீங்க?" என்று கத்திவிட்டு வந்தேன். அவர் கண் கலங்கியதைப் பார்த்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அதற்குப் பிறகு உடைந்த கண்ணாடியை எவன் வெளியே சொல்வான்?

வேலை மறுபடி ஆரம்பித்து ஒரு வாரம் கழித்து சலூன்காரன் வந்தான். கைக்குட்டையில் எதையோ சுற்றி வைத்திருந்தான்.

"அண்ணே, கதவு பட்டுன்னு சாத்திக்கிச்சு. அதுல உடைஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். இதே மாதிரி ஒண்ணு வெட்டிக் குடுங்கண்ணே. யாருகிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க."

கதவு அறைந்ததா சுவர் நகர்ந்ததா என்று நான் கேட்டிருக்கவேண்டும். பின்னறையில் மகள் இருமுவது கேட்டது. வெட்டிக் கொடுத்தேன். தேதியையும் நானே எழுதினேன். அளவுக்காரர் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவார், அதுவரைக்கும் அச்சாக எழுதினேன். பயந்துபோய் நின்றவனுக்குத் தைரியமும் சொன்னேன்.

"ஆத்துக்கு எல்லாரையும் விட கிட்ட இருக்கிறது என் வீட்டுப் பின்சுவர். அதுவே கல்லு மாதிரி நிக்குது. உனக்கென்னடா பயம்?"

அடுத்து தையல்காரர். அதற்கடுத்து தபால் ஆபீஸ் அம்மா. இப்படி எட்டு வீடு. ஒவ்வொருவரும் தன் வீட்டில் மட்டும்தான் உடைந்தது என்று நினைத்துக்கொண்டு, திருடன் மாதிரி வந்து போனார்கள். எட்டு பேருக்கும் அதே பதிலைத்தான் சொன்னேன்: என் வீட்டுது உடையவில்லை. எட்டு உடைந்தது என்று தெரிந்தவன் தெருவில் நான் ஒருவன்தான். நானும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று ஊருக்கு உபதேசம் பண்ணுகிற வாய் இது. உடைந்த துண்டுகளை எறிய மனம் வரவில்லை. ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு மேஜைக்கு அடியில் தள்ளினேன். தினமும் காலையில் பின்னறைக்குப் போய் மகளின் தலைக்கு மேலே, பின்சுவரில் அளவுக்காரர் ஒட்டின கண்ணாடியைப் பார்ப்பேன். முழுசாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குக் காப்பி இறங்கும்.

போன வெள்ளிக்கிழமை அளவுக்காரர் கடைக்குள் வந்தபோது அவர் விரலில் ரத்தம்.

"ஒரு துணி குடுங்க சார். டீச்சர் வீட்டுல நாங்க புதுசா ஒட்டின கண்ணாடி கிழிச்சிடுச்சு" என்று சிரித்தார். "நல்லதுதான் போங்க. ஒட்டின புதுசுல எல்லா வீட்டுலயும் கை கீறும். இப்ப கொஞ்ச நாளா நிறைய வீட்டுல கீறவே இல்ல. எனக்குத்தான் வயசாகி விரல் மரத்துப்போச்சோன்னு பயந்துட்டேன்."

துணியைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் விரலைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"திங்கக்கிழமைலேர்ந்து கரையோரத் தூண் ஆரம்பிக்கிறோம். உங்க பின்சுவர்லேர்ந்து முப்பதடிதான். ஆளுங்களைக் காலி பண்ணிடலாமான்னு பெரிய இன்ஜினியர் கேட்டாரு. வேண்டாம் சார், அந்தத் தெருவுல இதுவரைக்கும் சுவர் நகர்ந்து ஒரு கண்ணாடிகூட உடையலன்னு நான்தான் சொன்னேன்."

அவர் போனதும் மனைவியைப் பார்த்தேன். தேய்ப்புக்கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி, அந்த எட்டுக்கும் ஓரம் தேய்ச்சியா?"

"தேய்க்காம எப்படிக் குடுக்கிறது? வீட்ல குழந்தைங்க இருக்கு" என்றாள்.

ஆபீஸ் கண்ணாடிக்கு எவன் ஓரம் தேய்ப்பான்? இதெல்லாம் எனக்கல்லவா தோன்றியிருக்கவேண்டும்! தலையில் அடித்துக்கொண்டேன். சரி, நடந்தது நடந்துவிட்டது, முப்பதடியில் நம் சுவர் இருக்கிறது, நம் கண்ணாடி உடையவில்லை, அது அசல், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். மகள் ஒருக்களித்துப் படுத்து ஏதோ படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, எத்தனையாச்சு?"

"அம்பத்தொண்ணும்மா" என்று சொல்லிக்கொண்டே அவள் தலைக்கு மேலே கையை நீட்டி அந்தக் கண்ணாடியின் ஓரத்தை விரலால் தடவினேன். கீறவில்லை. மறுபடி அழுத்தித் தடவினேன். கன்னம் மாதிரி வழவழவென்றிருந்தது.

அந்த ஓரம் யார் கை என்று எனக்கா தெரியாது? இருபத்தொன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கை. திரும்பினேன். வாசற்படியில் என் மனைவி நின்றாள்.

"எப்போ?" என்றேன்.

"பதினாறு நாளாச்சு."

"பதினாறு நாளா புள்ளையை இதுக்கடியில படுக்க வச்சிருக்க! நீயெல்லாம் ஒரு தாயா?"

"தாய்ங்கிறதாலதான் மாத்தினேன்" என்று சீறினாள். "நீங்க மட்டும் என்ன கிழிச்சீங்க? ஊருக்கெல்லாம் மாத்திக் குடுத்தப்ப நாக்கு எங்க போச்சு? வேலை நின்னா அவளுக்கு மாசம் நிறையறதுக்குள்ள பாதை திறக்காது. அன்னிக்கு ஆம்புலன்ஸ்ல அவ கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தது நான். அந்தக் கை எப்படிச் சில்லிட்டுப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? எட்டு வீட்டுல உடைஞ்சும் எதுவும் விழல. நம்ம வீடு மட்டுமா விழுந்துடப்போகுது?"

எட்டு வீட்டுக்காரர்களுக்கு என் வீடு தைரியம். அவளுக்கு அந்த எட்டு வீடு தைரியம். ஆற்றிலிருந்து சம்மட்டி ஓர் அடி போட்டது. கட்டில் சட்டத்தில் கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி உதிர்ந்தது. மகள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள், பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, என்னம்மா இது?" என்றாள்.

அவளைக் கட்டிலோடு கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். மேஜைக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்தேன். மனைவி உள்ளே போய், புடவை மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து, அந்த எட்டோடு ஒன்பதாவதைப் போட்டாள்.

பாலத்து ஆபீஸ் என்பது ஒரு தகரக் கொட்டகை. அளவுக்காரர் விரலில் என் கடைத் துணியோடு உட்கார்ந்திருந்தார். பெட்டியை அவர் மேஜையில் கவிழ்த்தேன். யார் யார் வீடு, எந்தெந்த நாள் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் துண்டுகளை வீட்டு வரிசைப்படி அடுக்கினார். என்னுடையது ஆற்றோரம், அங்கிருந்து வரிசையாக ஒன்பது வீடு, நடுவில் ஒன்றும் விடுபடவில்லை.

"இத்தனை வாரமா என் விரலைத்தான் சந்தேகப்பட்டேன், உங்களை இல்ல" என்றார். பிறகு போனை எடுத்தார்.

சம்மட்டி நின்றது. மாதக்கணக்காகக் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம் நின்றதும், வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்தார்கள். பின்னாலேயே ஆபீஸ் ஆட்கள் வந்து, ஒன்பது வீட்டையும் இன்றைக்கே காலி செய்யவேண்டும் என்றார்கள். யாரோ அழுதார்கள். யாரோ என் குலத்தையே இழுத்துத் திட்டினார்கள். மாடியிலிருந்து டீச்சர் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. படுக்கை கிடைக்காவிட்டால் ஆஸ்பத்திரி நடைபாதையில் பாய் விரித்தாவது படுக்கவைப்பது என்று கிளம்பினோம். மகளை ஏற்றும்போது சலூன்காரன் கையில் நுரையோடு ஓடிவந்தான்.

"அண்ணே, என் வீட்டையும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்டா."

அவனுக்குக் கோபம் வரவில்லை. எங்கள் பின்சுவர்ப் பக்கம் பார்த்தான். அங்கே இரண்டு பேர் மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க வீட்டுக் கண்ணாடி நல்லாத்தானே இருந்துச்சு? அதை நம்பித்தானே அண்ணே நான் புள்ளைங்களை உள்ள படுக்க வச்சேன்" என்றான்.

என்னையும் உள்ளே ஏற்றி வண்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே என் மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஓட்டுநரிடம் குனிந்து, "எவ்வளவு நேரமாகும் தம்பி?" என்று கேட்டாள்.

"அம்பத்தஞ்சு நிமிஷம்மா" என்றான் அவன்.