பழைய ஆர்மோனியம்

பாரிஸிலிருந்து மதராஸ் துறைமுகத்துக்கு வந்த புத்தம்புது ஆர்மோனியத்தை, சிகந்தராபாத் ஸ்டேஷனில் இறங்குவதற்குள் கொர்னேலியஸ் மனத்துக்குள் பழையதாக்கிவிட்டார். நிஜாம் சமஸ்தானத்துக்குள் புதுச் சாமான் வந்தால் சுங்கம் உண்டு. சொந்த உபயோகத்தில் இருந்த பழசுக்குக் கிடையாது. பதினைந்து வருஷமாக மாதா கோயிலில் பூசைக்கு வாசிக்கிறவரைச் சந்தேகிக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

ஸ்டேஷனில் சுங்கம் வசூலிக்கும் அதிகாரியான தரோகாவுக்கு அந்தத் துணிச்சல் வந்தது. மதராஸ் ரயிலோடு மாரடித்தே தமிழ் கற்றுக்கொண்ட மனுஷர் அவர்.

"உங்க பொட்டிதானே சாப்? கொஞ்சம் வாசிங்க, கேப்போம்."

கொர்னேலியஸ் கண்ணை மூடிக்கொண்டு, தமக்கு மிகவும் பிடித்த கீதத்தை உருகி உருகி வாசித்தார். பாதியிலேயே தரோகா காதைப் பொத்திக்கொண்டார்.

"நக்கோ, நக்கோ! போதும், வேணாம்! இந்தக் கை இன்னிக்குத்தான் பொட்டியைத் தொடுது. புது மால். சுங்கம் கட்டுங்க."

மனைவி செலின் பதறிப்போய் முன்னால் வந்தாள். "ஐயோ, இல்லீங்க! இது தினமும் வீட்ல வாசிக்கிற பொட்டிதாங்க. இவர் எப்பவுமே இப்படித்தான் வாசிப்பார். கோயில்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க!"

தரோகா கொர்னேலியஸை இரக்கத்தோடு பார்த்தார். "அப்போ பழசுதான். எடுத்துட்டுப் போங்க."

கொர்னேலியஸுக்கு முகம் சிவந்துவிட்டது.

"புதுசுய்யா! இன்னிக்குத்தான் தொட்டேன்! சுங்கம் எவ்வளவு, சொல்லும்!" என்று கோட்டுப் பைக்குள் கையை விட்டார்.