அக்கா பார்த்த ஆமை

மார்ச் 8, சனிக்கிழமை, மாலை.

இன்றைய தவறு: கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் நான், என் அக்கா கண்ணாடி போடுகிறவள் என்பதை மறந்துவிட்டேன்.

அன்றன்று செய்த தவறை டைரியின் முதல் வரியில் எழுதிவிட்டால் மற்றவை தானாக வரும் என்று நான் போகும் மாலை வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். முதல் வரிக்கு எனக்கு ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் வேலை. எந்நேரமும் ஆவி அடித்துக் கண்ணாடி மங்கிப்போகும்; துடைத்துக்கொண்டே இருப்பாள். ஓய்வு கிடைத்தால் போனில் கடலாமைகள் நீந்துவதைப் பார்ப்பாள். சாவதற்குள் ஒன்றையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பாள். இரண்டு நாள் லீவு சேர்ந்து கிடைத்ததும் இந்தத் தீவுப் பயணத்தை நான்தான் திட்டமிட்டேன். காலையில் ஆமைப் பாறை, மதியம் பறவைப் பாறை, மறுநாள் காலை மறுபடி ஆமைப் பாறை, பிறகு வீடு. தொப்பி, மாத்திரை, உலர்ந்த துண்டு, இருப்பது உடைந்தால் உதவட்டும் என்று அவளுடைய பழைய கண்ணாடி, எல்லாம் எடுத்து வைத்தேன்.

படகில் முகமூடி மாட்டும்போதுதான் உறைத்தது. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் அந்த ரப்பர் முகமூடிக்குள், காதில் மாட்டும் கம்பிகளோடு கண்ணாடி போட முடியாது. இடுக்கு வழியாகத் தண்ணீர் வந்துவிடும். அக்காவுக்கு மைனஸ் ஆறு. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பது நானா கதவா என்றே தெரியாது.

அவள் கண்ணாடியைக் கழற்றிப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

பாறையடியில் பெரிய ஆமை ஒன்று கடற்புல் மேய்ந்துகொண்டிருந்தது. அவள் கையை அழுத்திக் காட்டினேன். தலையாட்டினாள். மேலே வந்ததும், "பாத்தேன்டா. நல்லா இருந்துச்சு" என்றாள்.

மதியம் வரை நான் அதை நம்பினேன்.

பறவைப் பாறையில் இறங்க அனுமதியில்லை. படகுக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பைனாகுலரைக் கொடுத்தார். அக்கா அதைத் திருகித் திருகிச் சரிசெய்தாள். அதன் பிறகு அவள் வாய் மூடவில்லை. ஒரு குஞ்சு தாயின் தொண்டைக்குள் தலையையே விட்டுவிட்டதாம். இன்னொன்று தள்ளிப்போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம், சோறு தாமதமானால் நான் உட்காருவது போல. படகுக்காரர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அக்கா எதைப் பார்த்தாலும் இப்படித்தான். சினிமாவுக்குப் போய்வந்தால் படம் ஓடிய நேரத்தைவிட அவள் கதை சொல்லும் நேரம் அதிகம். அப்படிப்பட்டவள் ஆமையை மட்டும் ஏன் ஒரே வரியில் முடித்தாள்?

விடுதிக்குத் திரும்பும் வழியில் கேட்டேன்.

"ஆமை என்னக்கா பண்ணிட்டு இருந்துச்சு?"

"ஆமை என்னடா பண்ணும்? நீந்துச்சு."

"நீந்தவே இல்ல. புல் மேஞ்சுட்டு இருந்துச்சு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு, "பச்சையா ஏதோ தெரிஞ்சுது. பாறையோ ஆமையோ. இவ்வளவு பாடுபட்டுக் கூட்டிட்டு வந்திருக்க, உன் மூஞ்சி சுருங்கிடக் கூடாதுன்னு சொன்னேன். விடு டாக்டர்" என்றாள்.

கடையில் சேர்ந்த நாளிலிருந்து நான் அவளுக்கு டாக்டர். அதற்கு வெகுகாலம் முன்பே அவள் எனக்குச் சோடாபுட்டி.

அறைக்கு வந்து பையைக் கட்டிலில் கொட்டினேன். துண்டுக்குள்ளிருந்து பழைய கண்ணாடி உருண்டு விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்க" என்றாள் அக்கா. நான் நினைத்தது அவளுக்கும் புரிந்துவிட்டது.

படகுக்காரரிடம் முகமூடியை இரவல் கேட்டேன். கூடவே, படகு இருக்கையின் கிழிந்த மெத்தையிலிருந்து கொஞ்சம் ஸ்பாஞ்சும் பிய்த்துக் கொடுத்தார். சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி ஸ்க்ரூடிரைவரால் கம்பிகள் இரண்டையும் கழற்றினேன். மிஞ்சிய முன்பாகத்தை முகமூடிக்குள் வைத்து, அசையாமலிருக்க இருபுறமும் ஸ்பாஞ்சைச் செருகினேன். குளியலறை வாளியில் அறைச் சாவியைப் போட்டேன். அக்கா முகத்தை உள்ளே விட்டு, சாவியில் பொறித்திருந்த எண்ணைச் சரியாகச் சொன்னாள்.

ஆனால் பழைய கண்ணாடியில் பவர் குறைவு. வாளிக்குப் போதும். கடலுக்கு?

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, திரும்பும் படகில்.

இன்றைய தவறு: ஆமை வராமலும் போகலாம் என்று வழியெல்லாம் சொல்லி அக்காவை நோகடித்தது.

முதலில் வெறும் புல்தான் தெரிந்தது. மணல் கலங்கியிருந்தது. நான் இடப்பக்கம் தேடிக்கொண்டிருந்தபோது அவள் என் கையை அழுத்தினாள், எலும்பு நொறுங்குகிற மாதிரி. வலப்பக்கம், பாறை நிழலிலிருந்து அது வந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் அவள் பார்த்துவிட்டாள்.

படகில் ஏறிய பிறகும் முகமூடியைக் கழற்றவில்லை. உள்ளே கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. மூக்கடைத்த குரலில் ஆரம்பித்தாள்.

"மெல்லும்போது கண்ண மூடிக்குதுடா. எங்க மூணாவது வார்டு பெரியவர் கஞ்சி குடிக்கிற மாதிரி. ஓட்டுல ஒரு இடத்துல அடிபட்டு ஆறியிருக்கு, பாத்தியா? நீ எங்க பாத்த, நீ என்னையே பாத்துட்டு இருந்த."

உண்மைதான்.

கரை தெரிகிறது. அக்கா இன்னும் ஆமையின் கழுத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்லும் வேகத்துக்கு என்னால் எழுத முடியவில்லை.

நாளை: ஒரு முகமூடி வாங்கி, அக்காவின் இப்போதைய பவரில் இரண்டு லென்ஸ் வெட்டி உள்ளே பொருத்த வேண்டும். பழைய கண்ணாடிக்குக் கம்பிகளைத் திரும்ப மாட்ட வேண்டும்.