பத்தாவது செடியின் இரண்டாவது கோடு

1

"ஒரு செடிதானேடி, விட்டுத் தொலை—"

"விட முடியாதுக்கா, ஜெல்லுல பளிச்சுனு—"

"எட்டு வருஷம்டி! எட்டு வருஷமா நான்—"

"கத்தாதேக்கா, பக்கத்து ரூம்ல ஆள் இருக்காங்க."

எனக்குக் கதைகள் காதில்தான் வரும், முகம் அப்புறம். இதுவும் பாதிச் சண்டையிலிருந்தே வந்தது. கத்தியவள் அக்கா. புதுக் கத்திரி ரகம் ஒன்றை எட்டு வருடமாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தவள். அடங்கிப் பேசியவள் தங்கை. அதே ஆய்வுக்கூடத்தில் மரபணுச் சோதனை பார்க்கிறவள்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு...' அடித்துவிட்டேன். பழமொழி கதையை முந்திக்கொள்கிறது.

சோதனை இதுதான். இலையிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, ரகத்தை அடையாளம் காட்டும் மார்க்கர் வைத்து, ஜெல் என்கிற கூழ்த்தகட்டில் ஓட்டினால், ரகத்துக்கேற்ற உயரத்தில் கோடு விழும். இருபது ரகங்களோடு ஒப்பிட்டதில் அக்காவுடையது எதோடும் ஒட்டவில்லை; புதுசுதான். ஆனால் அதன் பத்துச் செடிகளும் ஒன்றுபோல் நிற்க வேண்டும். ஒன்பது நின்றன. பத்தாவதில் இரண்டு கோடுகள். வேறு கத்திரியின் மகரந்தம் கலந்துவிட்டது. இப்படியே அறிக்கை போனால் ரகம் பதிவாகாது. அக்காவுக்கு இந்த ஆண்டோடு ஓய்வு. மறுபடி விதைத்துக் காட்ட நேரமில்லை.

3

"ஒவ்வொரு பூவுக்கும் என் கையால உறை மாட்டினேனே!"

"ஒண்ணு கிழிஞ்சிருக்கலாம்."

"கிழியட்டுமே. வலைக்கூடாரத்துல வேற கத்திரி ஏது? வெளியூர்லேர்ந்து மூட்டை கட்டிக்கிட்டா வந்துச்சு தேனீ?"

தங்கை சிரிக்கவில்லை. (சிரித்திருக்க வேண்டியவள். இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம் விழுந்தது. குடைந்து கேட்டேன்.)

போன பருவத்தில் கூடாரக் கதவோரம் ஒரு தொட்டி இருந்தது. சமையலுக்கு ஆகட்டுமே என்று தங்கை வைத்த நீளக் கத்திரி. பூத்த பிறகுதான் பதறி வீட்டுக்குத் தூக்கிப் போனாள். அக்கா பார்க்கவில்லை. நேற்று தங்கை அதன் இலையையும் ஜெல்லில் ஓட்டினாள். இரண்டாவது கோட்டின் உயரத்திலேயே வந்து நின்றது.

4

இரண்டு முடிவுகள் எழுதிக் கிழித்தேன்.

தங்கை பத்தாவது செடியை அறிக்கையில் விட்டுவிடுகிறாள், ரகம் பதிவாகிறது, விதை வாங்கியவரின் வயலில் அங்கங்கே ஒரு நீளக்காய்—

தங்கை உண்மையைச் சொல்கிறாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டு— இல்லை. இந்த அக்கா கட்டிக்கொள்கிற ரகமில்லை.

மூன்றாவதை எழுத உட்கார்ந்தால், என்னைக் கேட்காமல் அக்காவே பேசுகிறாள், குரலைத் தாழ்த்தி. தங்கையின் பதில் இன்னும் என் காதுக்கு வரவில்லை. உங்கள் காதில் விழுந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

"சரி, விடவேண்டாம். இருக்கறதை இருக்கறபடியே எழுது. ஆனா அந்த ரெண்டாவது கோடு எந்தச் செடியோடதுன்னு பாத்தியாடி?"