விரிசல் விட்ட பெல்

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, சைக்கிளும் ரொட்டிப் பெட்டியும் பெரியவளுக்கு, முன்னறை சின்னவளுக்கு என்று பேச்சாயிற்று. மறுநாள் விடிந்ததும் பெரியவள் சைக்கிளை எடுக்கப் போனாள். ஹேண்டில்பார் மொட்டையாக இருந்தது. கறுப்பு ரப்பர் பந்து வைத்த ஹார்னைக் காணவில்லை. திருகாணி மட்டும் கீழே கிடந்தது.

"ஹார்ன் எங்கடி?"

"சைக்கிளைத்தானே கேட்ட, ஹார்னையா கேட்ட?" மூடிய முன்னறைக் கதவுக்குப் பின்னாலிருந்து சின்னவளின் குரல் வந்தது.

"ஹார்ன் சைக்கிளோட சேர்ந்தது."

"அப்ப சுவர்க் கடிகாரம் முன்னறையோட சேர்ந்தது. அதை ஏன் கழட்டிக்கிட்டுப் போன?"

கடிகாரம் பின்னறையில், பெரியவளின் கட்டிலுக்கு நேர் மேலே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஹார்ன் வெறும் ஹார்ன் இல்லை. அப்பா ரொட்டி விற்ற தெரு குறுகலானது. இரண்டு பக்கமும் மாடி மேல் மாடி. அங்கே யாரும் ரொட்டிக்காக இறங்கி வந்ததில்லை, எட்டிப் பார்த்ததும் இல்லை. அப்பா ஹார்னை அமுக்கினால் போதும், ஜன்னல்களிலிருந்து கயிறு கட்டிய கூடைகள் மளமளவென்று இறங்கும். காசை எடுத்துக்கொண்டு ரொட்டியை வைத்துக் கயிற்றைச் சுண்டினால் கூடை மேலே போய்விடும். அப்பாவின் முகம் எப்படியிருக்கும் என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்களுக்கு அந்தச் சத்தம்தான் ரொட்டிக்காரர்.

சின்னவள் சும்மா இருக்கவில்லை. ஒரு வாடகை சைக்கிளைப் பிடித்தாள், ஹார்னை அதில் பூட்டினாள், அதே தெருவுக்கு நானும் வருகிறேன் என்று பேக்கரியில் போய் நின்றாள். பேக்கரிக்காரருக்கு இரண்டு பேரையும் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதனால் இரண்டு பேர் மேலும் சமமாக எரிந்து விழுந்தார்.

"ஒரு தெருவுக்கு ஒரு ஆள்தான். இந்த வாரம் மட்டும் ரெண்டு ட்ரே தரேன். யாரு ட்ரே காலியாத் திரும்புதோ அவங்களுக்குத்தான் தெரு. மத்தவங்க வேற பொழப்பப் பாத்துக்குங்க. இங்க வந்து மூக்கைச் சிந்தக் கூடாது."

பெரியவளுக்கு வேறு பிழைப்பு எதுவும் தெரியாது. முதல் நாள் தொண்டை வறள "ரொட்டி, ரொட்டி" என்று கத்திப் பார்த்தாள். அவள் குரல் முதல் மாடியைத் தாண்டவில்லை. பின்னாலேயே சின்னவள் வந்து ஹார்னை ஒரே ஒரு தடவை அமுக்கினாள். கூடைகள் கொட்டின. ஒரு கூடை பெரியவளின் தலையில் இடித்துவிட்டு சின்னவள் பக்கம் ஆடிப் போய் நின்றது.

"தள்ளிக்கோ. வியாபாரம் நடக்குதுல்ல," என்றாள் சின்னவள். சண்டை வந்ததிலிருந்து அவள் 'அக்கா' என்று கூப்பிடுவதையே விட்டிருந்தாள்.

அங்கிருந்து பெரியவள் நேராக சைக்கிள் கடைக்குப் போனாள். கடைக்காரர் பஞ்சர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே கேட்டார்.

"பெல்லா, ஹார்னா?"

"மூணாவது மாடி வரைக்கும் கேக்கணும்."

பேட்டரி ஹார்ன் ஒன்றைக் காட்டினார். அது குழந்தை மாதிரி அழுதது. "வேண்டாம், பாதிப் பேர் தொட்டிலப் பாக்க ஓடுவாங்க," என்றாள். பிறகு அவர் பரணிலிருந்து ஒரு ரப்பர் ஹார்னை எடுத்தார். அச்சு அசலாக அப்பாவுடையதைப் போலவே இருந்தது.

"இதப் பூட்டிக்கோம்மா. உன் தங்கச்சிக்கு முன்னாடி போய் ஒரு அமுக்கு அமுக்கு. அவ வர்றதுக்குள்ள கூடையெல்லாம் மேல போயிடும்."

பெரியவளின் கை ஹார்னுக்கு நீண்டது. நீண்ட வேகத்திலேயே திரும்பியது. "திருடிட்டுப் போனது அவ. நான் இத மாட்டினா, தெருவுல என்னைத்தான் திருடின்னு சொல்லுவா. வேண்டாம்."

கடைசியில் சாதாரண பெல் ஒன்றை வாங்கினாள். கட்டை விரலால் தட்டினால் 'ட்ரிங் ட்ரிங்' என்று சுத்தமாக ஒலித்தது.

மறுநாள் தெருவின் நடுவில் நின்று பெல்லை அடித்தாள். கூடை எதுவும் இறங்கவில்லை. ஆட்கள் இறங்கினார்கள். படிக்கட்டுகளில் தடதடவென்று சத்தம். முட்டி வலிக்காரியான மூன்றாவது மாடித் தையல்காரம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வாசலுக்கு வந்து நின்றாள். அவள் பார்வை ரொட்டிப் பெட்டிக்குப் போனது. பெரியவளின் தோளுக்குப் போனது. அங்கே பை எதுவும் இல்லை.

"தபால் எங்க?"

"தபால் இல்லம்மா. ரொட்டி."

"ரொட்டியா? தபால்காரர் பெல்ல அடிச்சு ரொட்டி விக்கிறியா நீ? எம் புள்ள கடுதாசி வந்துடுச்சுன்னு இந்த முட்டிய இழுத்துக்கிட்டு இறங்கி வரேன். ஒனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

மற்றவர்களும் அவரவர் பங்குக்குத் திட்டிவிட்டு ஏறிப் போனார்கள். தையல்காரம்மா மட்டும் உடனே ஏறவில்லை. இறங்கிய முட்டிக்கு ஓய்வு வேண்டியிருந்தது. நின்ற இடத்திலேயே திட்டிக்கொண்டிருந்தாள். திட்டும்போது கண் ரொட்டியில் பட்டது. "இன்னிக்குச் சுட்டதுதானா, இல்ல அதுலயும் பொய்யா?" என்று ஒரு ரொட்டியை அமுக்கிப் பார்த்தாள். எடுத்தாள். காசைக் கொடுத்தாள். திட்டிக்கொண்டே படியேறினாள்.

அன்றைக்குப் பெரியவள் விற்றது அந்த ஒரு ரொட்டிதான். திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு அதே நினைவு. அதிகமாகத் திட்டியவள்தானே வாங்கினாள்?

சைக்கிள் கடைக்குள் நுழையும்போதே கேட்டாள். "அண்ணே, கேட்டதும் கோவம் வர்ற மாதிரி ஏதாவது இருக்கா?"

கடைக்காரர் சிரித்தார். "எங்க வீட்டுக்காரி இருக்கா. ஹேண்டில்பார்ல பூட்ட முடியாது."

அவள் சிரிக்கவில்லை. மேசை மேல் ஒரு பெரிய பழைய பெல் கவிழ்ந்து கிடந்தது. கிண்ணத்தைப் போல அதில் சக்கரக் குண்டுகளைப் போட்டு வைத்திருந்தார். விளிம்பிலிருந்து உச்சி வரை விரிசல்.

"அதா? பழைய இரும்புக்காரர் வண்டியில இருந்தது. தொல்லை தாங்காம அவரே கழட்டிப் போட்டுட்டுப் போனது. அத அடிச்சா பல்லு கூசும்மா."

"குண்டை வேற டப்பாவுல கொட்டுங்க."

அடுத்த நாள் தெரு முனையிலேயே ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தை மணி என்று சொல்ல முடியாது. தகரத்தை ஆணியால் கீறிக்கொண்டே ஒரு கரண்டியைத் தரையில் போட்டது போல இருந்தது. ஜன்னல்கள் படார் படாரென்று திறந்தன.

"யாருடி அது காலங்காத்தால?"

"நிறுத்தப் போறியா, மேல இருந்து தண்ணிய ஊத்தட்டுமா?"

"ரொட்டிம்மா. சூடா இருக்கு," என்றாள் பெரியவள், அடிப்பதை நிறுத்தாமல்.

"ஒரு ரொட்டியக் குடுத்துட்டு ஒழி!"

கூடை இறங்கியது. பக்கத்து ஜன்னலிலிருந்து இன்னொன்று. வாங்கியவர்களின் ஜன்னலுக்குக் கீழே அவள் பெல்லை அடிக்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள். தெரு இதைச் சட்டென்று புரிந்துகொண்டது. அவள் கிட்டே வருவதற்கு முன்பே கூடைகள் பாதி உயரத்தில் வந்து காத்துத் தொங்கின. தையல்காரம்மா தன் கூடையை இறக்கிவிட்டு, "அந்தத் தபால் பெல்லே தேவலாம், பாவி!" என்று கத்தினாள்.

பின்னால் சின்னவளின் ஹார்ன் ஒலித்தது. ஒரு கயிறும் அசையவில்லை. மறுபடி அமுக்கினாள்.

"வாங்கியாச்சு. போ, போ. ஒருத்தி இம்சையே போதும்," என்று மூன்றாவது மாடி விரட்டியது.

சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. பெரியவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்று அவளுக்குச் சோறு ருசித்தது.

வாரத்தின் கடைசி நாள் காலையில் விரிசல் பெல் இல்லை. ஹேண்டில்பாரில் திருகாணி கூட மிஞ்சவில்லை. சின்னவள் முற்றத்துக் கொடியில் ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி?"

"எது?"

"வயித்தெரிச்சல் பிடிச்சவளே, அது எங்க?"

"தொலைச்சுட்டு எங்கிட்ட வந்து நிக்காத. உன் சாமானுக்கு நானா காவல்?" துணியை உதறிய உதறலில் பெரியவள் முகமெல்லாம் தண்ணீர்.

பெரியவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தத் தெரு போனால் சைக்கிளை விற்க வேண்டியதுதான். முன்னறைக்காரியின் கண் முன்னாலேயே அதை உருட்டிக்கொண்டு போய் விற்க வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரொட்டி எடுக்கும் இடுக்கி பெட்டியின் பக்கத்தில் தொங்கியது. இருந்த ஆத்திரத்தில் அதை உருவித் தகரப் பெட்டியின் மேல் ஓங்கி ஒன்று போட்டாள்.

பக்கத்து வீட்டு நாய் குரைத்துக்கொண்டே ஓடியது. சின்னவளின் கையிலிருந்த துணி நழுவி மண்ணில் விழுந்தது.

பெரியவள் பெட்டியைப் பார்த்தாள். இடுக்கியைப் பார்த்தாள். இன்னொன்று போட்டாள்.

அன்று பத்து மணிக்கெல்லாம் அவள் ட்ரே துடைத்துவிட்டது போலப் பேக்கரிக்குத் திரும்பியது. சின்னவளின் ட்ரேயில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. பேக்கரிக்காரர் இரண்டையும் பார்த்தார். "தெரு பெரியவளுக்கு," என்றவர், காதைக் குடைந்துகொண்டார். "என் கடை வாசல்ல மட்டும் அந்தப் பெட்டியத் தொட்டே, உன்னைத் தொலைச்சுடுவேன்."

மறுநாள் பெரியவள் ரொட்டியை ஏற்றிக்கொண்டு நேராகத் தெருவுக்குப் போகவில்லை. முதலில் வீட்டுக்கு வந்தாள். முன்னறை ஜன்னலுக்கு அடியில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். இடுக்கியை எடுத்தாள். நிதானமாக, கை வலிக்கும் வரை அடித்தாள்.

ஜன்னல் படாரென்று திறந்தது. கலைந்த தலையும் வீங்கிய கண்ணுமாகச் சின்னவள்.

"அக்கா! நீ நல்லாவே இருக்க மாட்ட! நாசமாப் போவ!"

பெரியவள் பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

"எத்தனை வேணும்?"